100 கிராம் மசாலா பவுச்: மேல் சீல் லீக், எடை ஏற்ற இறக்கம், மதியத்துக்கு மேல் ஐ-மார்க் விலகல்

காரைக்குடி_மசாலா

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் மசாலா பேக்கிங் யூனிட். காலர் டைப் மெஷின் (ஃபிலிமைக் காலரில் மடிச்சு, ட்யூபைச் சுத்திப் பவுச்சாக்குறது), சிங்கிள் ஹெட், ஜா (சீல் அடிக்கிற சூடான தாடை) ரெண்டும் ஏர் சிலிண்டரில் மூடுறது, செர்வோ ஆகர் ஃபில்லர் (ஸ்க்ரூ சுத்தித் தூளை அளந்து கொட்டுறது), பிஎல்சி (மெஷினை ஓட்டுற கம்ப்யூட்டர்) கன்ட்ரோல். சாம்பார்ப் பொடி, கோழி மசாலா, மிளகாய்த்தூள், மல்லித்தூள் நாலும் ஓடுது, எல்லாமே 100 கிராம். பவுச் 110-க்கு 160 மி.மீ., சென்டர் சீல் (பின்பக்கம் நடுவில் நீளவாக்கில் வர்ற சீல்). ஃபிலிம் 12 மைக்ரான் பெட் (பாலியெஸ்டர்), 12 மெட்டலைஸ்டு (உலோகப் பூச்சுள்ள) பெட், உள்ளே 50 பாலி (பாலித்தீன்). ஸ்பீடு நிமிஷத்துக்கு 35.

தொல்லை மூணு. முதலாவது, சீல் லீக். அட்டைப்பெட்டியில் அடுக்கி மறுநாள் பார்த்தால் அடியில் தூள் கிடக்குது. நூறு பவுச்சுக்கு அஞ்சாறு தேறுது. பெரும்பாலும் மேல் சீல்தான், அதிலும் நடுவில் சென்டர் சீல் வந்து சேருற இடம். ஆபரேட்டர் 150-ல் இருந்த ஜா டெம்பரேச்சரைக் கொஞ்சம் கொஞ்சமா 180 வரைக்கும் ஏத்திட்டார். இப்ப சீல் சுருங்கி விழுது, லீக் மட்டும் அப்படியே இருக்கு. மல்லித்தூளும் கோழி மசாலாவும் ஓடும்போது அதிகம், மிளகாய்த்தூளில் குறைவு.

ரெண்டாவது, எடை. ஒரே செட்டிங்கில் 96-ம் வருது, 105-ம் வருது.

மூணாவது, காலையில் ஒழுங்கா ஓடுற ஐ-மார்க் (எங்கே வெட்டணும்னு சென்சாருக்குக் காட்ட ஃபிலிமில் அச்சடிச்ச அடையாளம்) மதியம் ரெண்டு மணிக்கு மேல விலகுது. கட்டிங் பிரின்ட் மேலேயே விழுது.

ஜா முகத்து டெஃப்லான் போன வாரம்தான் மாத்தினோம். ஜா ரெண்டும் சூடாகுது. கம்ப்ரஸர் மீட்டர் 5.5 பார் காட்டுது. சர்வீஸ் ஆள் வர நாளாகும்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் நாங்களே எதை, எந்த வரிசையில் பார்க்கலாம்?

---

புதுவயல்_ஃபிட்டர்

தம்பி, முதல் காரியம், டெம்பரேச்சரைப் பழையபடி 150-க்கே இறக்குங்க. உள் பாலி ஒட்டுறதுக்கு ஒட்டுற இடத்தில் 110, 120 டிகிரி கிடைச்சாப் போதும். மேலே ரெண்டு பெட் லேயரைத் தாண்டிச் சூடு இறங்கணும்கிறதாலதான் ஜாவில் 150 வைக்கிறோம். 180-ல் பாலி உருகி ஜாவுக்கு வெளியே பிதுங்கிடும். சீலோட உள் விளிம்பு மெலிஞ்சு போய், பெட்டியில் அடுக்கும்போது அந்த இடத்திலேயே கிழியும். லீக்னு சொன்ன உடனே எல்லாரும் முதலில் திருகுறது டெம்பரேச்சரைத்தான். கடைசியாத் தொட வேண்டியது அது.

மேல் சீலும் கீழ் சீலும் தனித்தனியா அடிக்கிறது இல்லைங்கிறதை நல்லா மனசில் வையுங்க. ஜா ஒரு தடவை மூடும்போது கீழ் பாதி, நிரம்பின பவுச்சோட மேல் சீலை அடிக்குது. மேல் பாதி, அடுத்த பவுச்சோட அடி சீலை அடிக்குது. நடுவில் பிளேடு. சூடோ அழுத்தமோ பத்தலைன்னா ரெண்டு சீலும் ஒண்ணுபோல லீக் ஆகணும். மேலே மட்டும் லீக்னா சந்தேகம் தூள் மேல போகுது: ஜா மூடுற நேரத்தில் அந்த இடத்தில் தூள் இன்னும் தொங்கிக்கிட்டு இருக்கு. கீழே மட்டும் லீக்னா வேற கதை. சீல் ஆறுறதுக்குள்ள ஜா திறந்து 100 கிராமோட கனத்தை அந்தச் சூடான சீல் தாங்க வேண்டியதாப் போச்சுன்னு அர்த்தம்.

லீக் ஆன பவுச் ஒண்ணை எடுங்க. சீலை 15 மி.மீ. அகலத்துக்குப் பட்டை பட்டையா வெட்டி, கையால் மெதுவாப் பிரிச்சுப் பாருங்க. பட்டை நீண்டு, சீலுக்குப் பக்கத்தில் ஃபிலிம் கிழிஞ்சால் சீல் நல்ல சீல். கிழியாமல் சுத்தமாப் பிரிஞ்சு வந்தால் சூடோ அழுத்தமோ நேரமோ பத்தலை. பிரிஞ்ச முகத்தில் பொடிப் புள்ளியோ மல்லி உமியோ ஒட்டியிருந்தால் அது தூள் லீக்.

எங்கே ஓட்டைன்னு துல்லியமாத் தெரியணும்னா, பவுச்சை எதிர் முனையில் வெட்டித் தூளைக் கொட்டிடுங்க. தண்ணியில் நீல ஃபுட் கலரும் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பும் கலந்து, சீல் பக்கமா 5 மி.லி. விட்டு, அஞ்சு நிமிஷம் சாய்ச்சுப் பிடிங்க. கலர் எந்த இடத்தில் வெளியே வருதோ அதுதான் ஓட்டை. சோதிச்ச பவுச் குப்பைக்குப் போயிடணும்.

இனி நேரக் கணக்கு. நிமிஷத்துக்கு 35-னா ஒரு பவுச்சுக்கு 1.7 வினாடி. அதுக்குள்ள சீல் அடிக்கணும், ஃபிலிம் இழுக்கணும், தூள் விழுந்து படியணும். ஆகர் வாயிலிருந்து ஜா வரைக்கும் 60 செ.மீ. இருந்தால், கனமான பொருளே விழ 0.35 வினாடி எடுக்கும். மெல்லிய தூள் காத்தில் மிதந்து இன்னும் மெதுவாத்தான் இறங்கும். ஆகர் 0.9 வினாடி சுத்துதுன்னு வையுங்க, கடைசித் தூள் வந்து சேர 1.25 வினாடி ஆயிடுது. அதுக்குள்ள ஃபிலிம் நகர்ந்து ஜா மறுபடி மூட வந்துடும். மல்லித்தூள் லேசானது, உமி நார் வேற இருக்கும். கோழி மசாலாவில் வறுத்த சாமானோட எண்ணெய் இருக்கும், அது ஃபிலிம் உள்பக்கம் ஒட்டிக்கும். நீங்க சொல்ற ரெண்டும் அதிகமா லீக் ஆகுறதுக்கு இதுவே காரணமா இருக்கலாம். உறுதி பண்ண ஒரு வழி: வேற எதையும் மாத்தாமல் ஸ்பீடை 25-க்கு இறக்கி நூறு பவுச் ஓட்டுங்க. லீக் காணாமல் போனால் ஹீட்டரைப் பத்திக் கவலைப்படாதீங்க.

அடுத்தது ஜாவோட படிமானம். ஹீட்டரை ஆஃப் பண்ணி ஜா முழுசா ஆறின பிறகு, ஒரு வெள்ளைத்தாள் மேல கார்பன் பேப்பர் வெச்சு நடுவில் தொங்க விடுங்க. தாளை டேப்பில் ஒட்டிடுங்க, கையில் பிடிக்கவே கூடாது. மெஷினோட பாதுகாப்புக் கதவை மூடிட்டு மேனுவலில் ஜாவை ஒரு தடவை மூடித் திறங்க. தாளில் பல் வரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கருப்பா விழணும். ஒரு பக்கம் மங்கலா இருந்தால் அந்தப் பக்கம் ஜா சேரலை.

நடுவில் லீக் வர்றதுக்கும் காரணம் இருக்கு. மத்த இடத்தில் ரெண்டு ஃபிலிம், சென்டர் சீல் மடிஞ்சு படுக்குற இடத்தில் நாலு ஃபிலிம். ரெண்டு நாலாகுற அந்தப் படியோரத்தில் மெல்லிசா ஒரு குழாய் மாதிரி இடைவெளி விட்டுப் போகும். அதை அடைக்கிறது அழுத்தம்தான். 63 மி.மீ. சிலிண்டர் 5 பாரில் சுமார் 160 கிலோ விசை கொடுக்கும், 4 பாரில் 127 கிலோதான். கம்ப்ரஸர் மீட்டரை விட்டுடுங்க, மெஷினில் இருக்கிற ரெகுலேட்டர் மீட்டரை ஓட்டத்தில் பாருங்க. ஜா மூடுற ஒவ்வொரு தடவையும் முள் எவ்வளவு விழுதுன்னு கவனிச்சு இங்கே எழுதுங்க.

---

தேவகோட்டை_எலக்ட்ரிகல்

அண்ணன் மெக்கானிக்கல் பக்கம் சொல்லிட்டார். நான் கரண்ட் பக்கம் சொல்றேன்.

"ஜா ரெண்டும் சூடாகுது"ங்கிறது போதாது. ஒரு ஜாவில் ரெண்டு கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் (துளையில் சொருகுற குச்சி ஹீட்டர்) இருந்து, அதில் ஒண்ணு போனாலும் ஜா சூடாகத்தான் செய்யும். ஒரு பக்கம் குளிர்ந்து இருக்கும், ஸ்பீடில் ஓடும்போது டெம்பரேச்சர் மீண்டு வராது. மெயின் ஆஃப் பண்ணி, வயரைக் கழட்டி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்க. 230 வோல்ட் 250 வாட் ஹீட்டர்னா 210 ஓம் பக்கம் காட்டணும், 400 வாட்னா 132. ரெண்டு 250 வாட் பேரலலில் இருந்தால் 105. அங்கே 210 காட்டினால் ஒண்ணு செத்துப் போச்சு.

வோல்டேஜையும் பார்த்துக்கோங்க. சப்ளை 190-க்கு இறங்கினால் 250 வாட் ஹீட்டர் 170 வாட்தான் கொடுக்கும்.

தெர்மோகப்பிளை (ஜா சூட்டை அளக்குற சென்சார்) யாராவது அண்மையில் மாத்தினாங்களா? கன்ட்ரோலரில் கே டைப் செட் பண்ணி, ஜே டைப் மாட்டிட்டால், ஜா 150-ல் இருக்கும்போது டிஸ்ப்ளே 190 பக்கம் காட்டும். 150 செட் பண்ணினால் ஜாவில் உண்மையில் 120 இருந்தாலே அதிகம். அதே மாதிரி சென்சார் முனை துளையோட அடி வரைக்கும் போகாமல் பாதியில் நின்னால் டிஸ்ப்ளே குறைவாக் காட்டும், ஜா கருகும். தனியா ஒரு டச் தெர்மாமீட்டர் வாங்கி ஜா முகத்தில் இடது, நடு, வலது மூணு இடம் தொட்டுப் பாருங்க. பளபளப்பான உலோகத்தில் இன்ஃப்ராரெட் துப்பாக்கி சரியாக் காட்டாது, அதை நம்ப வேண்டாம்.

ஐ-மார்க். விலகல் எப்படி இருக்குன்னு முதலில் பிரிச்சுப் பார்க்கணும். ஒவ்வொரு பவுச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஒரே பக்கம் நகர்ந்துக்கிட்டே போனால், அது நீள செட்டிங், இல்லைன்னா ஃபிலிமை இழுக்குற பெல்ட்டோட வழுக்கல். நல்லா ஓடி, திடீர்னு எங்கேயோ தாவினால் அது சென்சார்.

தாவுதுன்னா, மதியம்கிறதால மேலே பாருங்க. கூரையில் வெளிச்சத்துக்குப் போட்ட கண்ணாடி ஷீட் இருக்கா, மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கா? வெயில் நேரா சென்சாரிலோ ஃபிலிமிலோ பட்டால் மார்க்குக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு தகர மறைப்பு போதும். மெட்டலைஸ்டு ஃபிலிம் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும், அதனால சென்சாரை ஃபிலிமுக்கு நேர் செங்குத்தா வைக்காமல் 10, 15 டிகிரி சாய்ச்சு வையுங்க. லென்ஸில் மசாலா படிஞ்சிருக்கும். மெத்துன்னு துணியில் துடைச்சு, மார்க் மேல ஒரு தடவை, மார்க் இல்லாத இடத்தில் ஒரு தடவை மறுபடி டீச் பண்ணுங்க (சென்சாருக்கு வித்தியாசத்தைக் கத்துக்கொடுங்க).

ஒரே பக்கம் நகருதுன்னா, ரோலில் பத்து மார்க் இடைவெளியை டேப்பில் அளங்க. 1600 மி.மீ. வரணும். 1606 வந்தால் பிரின்ட் நீளமே 160.6. மெஷினில் நீளத்தை அதைவிட ஒண்ணு ரெண்டு மி.மீ. கூடுதலா வையுங்க, அப்பத்தான் இழுத்து முடிக்கிறதுக்குள்ள மார்க் வந்து நிறுத்தும். குறைவா வெச்சால் மார்க் எட்டுறதுக்கு முந்தியே இழுப்பு முடிஞ்சிடும், ஒவ்வொரு பவுச்சுக்கும் வித்தியாசம் சேர்ந்துக்கிட்டே போகும்.

இன்னொண்ணு. காலையில் புது ரோல் மாட்டி, மதியத்தில் அது சின்னதாகுற வழக்கமா? பிரேக் ஒரே இறுக்கத்தில் இருந்தால் ரோல் சிறுசாக ஆக ஃபிலிம் இழுவை கூடும். விட்டம் பாதியானால் இழுவை ரெண்டு மடங்கு. பெல்ட் அதைத் தாங்காமல் வழுக்கும். அப்ப இது மதியப் பிரச்சினையே இல்லை, ரோல் பிரச்சினை. ஒரு நாள் மதியம் புது ரோல் மாட்டிப் பாருங்க, தெரிஞ்சிடும்.

---

காரைக்குடி_மசாலா

ரெண்டு அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடி பார்த்தேன்.

சீலைப் பிரிச்சால் மேல் சீலில் தூள் ஒட்டியிருக்கு. அடி சீல் பிரியலை, பக்கத்து ஃபிலிம்தான் கிழியுது, அது நல்லா இருக்கு. ஸ்பீடு 25-ல் மல்லித்தூள் ஓட்டினால் லீக் அநேகமா இல்லை. கார்பன் பேப்பரில் வலது கோடியில் 15 மி.மீ. மங்கல். ஹீட்டர் நாலும் 210 பக்கம், டச் மீட்டரில் மூணு இடமும் நாலு டிகிரிக்குள்ள.

மெஷின் மீட்டர் 5-ல் நிக்குது. அரவை மெஷினோட தூசிப் பை உதறுற ஏரும் இதே லைன்தான். அது அடிக்கும்போதெல்லாம் முள் 4-க்கு விழுது.

ஐ-மார்க் விஷயத்தில் கூரை ஷீட் இருக்கு, வெயிலும் படுது. ஆனால் மறைச்ச பிறகும் ரோல் கடைசியில் ஒரே பக்கமா நகருது. ரெண்டு காரணமும் சேர்ந்தே இருந்திருக்கு போல.

---

புதுவயல்_ஃபிட்டர்

நல்லது, இனி வேலை சுலபம்.

ஏர்: தூசிப் பைக்குத் தனி லைன் இழுக்க முடிஞ்சால் அதுதான் உத்தமம். முடியலைன்னா பேக்கிங் மெஷினுக்குப் பக்கத்தில் 25, 30 லிட்டர் சின்ன டேங்க் ஒண்ணு வெச்சு, அதுக்கு முன்னாடி நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்க. லைனில் பிரஷர் விழுந்தாலும் டேங்க் ஏர் பின்னாடி ஓடாது, ஜாவுக்கு 5 பார் நிக்கும். டேங்குக்கு அடியில் டிரெயின் வால்வு அவசியம். நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் லைனில் தண்ணி சேரும். அது ஜா சிலிண்டருக்கு ஏர் விடுற சோலினாய்டு வால்வுக்குள்ள போனால் ஜா மூடுற நேரமே மாறும். காலையில் முதல் வேலையா டிரெயினைத் திறந்துவிடப் பழக்குங்க.

ஏரை முழுசா இறக்கி, மெயினை ஆஃப் பண்ணின பிறகுதான் ஜாவில் கை வைக்கணும். வலது கோடிக்குப் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) 0.05 மி.மீ. ஒண்ணு ஜா பிளாக்குக்குப் பின்னால் வெச்சு மறுபடி கார்பன் பேப்பர் பாருங்க, பத்தலைன்னா இன்னொண்ணு. ஷிம் வைக்கிறதுக்கு முந்தி கைடு ராடைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ராடு ஓடுற புஷ் தேய்ஞ்சு ஆடினால் ஷிம் ஒரு வாரம்கூட நிக்காது, புஷ்ஷை மாத்தணும். டெஃப்லான் ஒரே தடிமனில் ஒத்தை லேயரா இருக்கணும். கோடியில் மடிச்சு ஒட்டியிருந்தால் அந்த மடிப்பே ஜாவைத் தூக்கிப் பிடிக்கும். போன வாரம் மாத்தினதுன்னு சொன்னீங்க, இதை முதலில் பாருங்க.

தூள்: ஸ்பீடை 25-லேயே விட்டுட வேண்டாம். பிஎல்சியில் ஃபில்லிங் ஸ்டார்ட் டிலே இருக்கும். ஜா மூடின உடனே ஆகர் தொடங்குற மாதிரி அதைக் குறைங்க. ஜா மூடியிருக்கும்போது தூள் விழுந்தால் கனத்தை ஜாவே தாங்கும், அடி சீலுக்கும் நல்லது. ஆகர் வேகத்தைக் கூட்டி 0.9 வினாடியை 0.6-க்குக் கொண்டு வர முடியுதான்னு பாருங்க. ரொம்பக் கூட்டினால் தூள் சூடாகி ஸ்க்ரூவில் அப்பும், எடையும் ஆடும்.

ஆகர் நின்ன பிறகும் வாயிலிருந்து பொடி சொட்டுதான்னு கீழே வெள்ளைத்தாள் பிடிச்சுப் பாருங்க. சொட்டினால் ஃபனல் முனையில் ஏர் ஷட்டர் போடணும். சொட்டு நிக்காத வரைக்கும் மேல் சீலில் தூள் இருந்துக்கிட்டேதான் இருக்கும். ஃபார்மிங் ட்யூபுக்கும் ஃபனலுக்கும் நடுவில் லேசா ஒரு சக்‌ஷன் குழாய் வெச்சால், தூள் விழும்போது மேலே கிளம்புற தூசியை இழுத்துக்கும். பலமா இழுத்தால் எடை போயிடும், தூசி மட்டும் அசையுற அளவு போதும்.

ட்யூபை எர்த் பண்ணியிருக்கீங்களா? சித்திரை வெயிலில் உலர்ந்த காத்தில் ஃபிலிம் உரசி ஸ்டாட்டிக் (நிலை மின்சாரம்) ஏறும், தூள் ஃபிலிம் சுவரிலேயே ஒட்டி நிக்கும். எர்த் வயரும் காலருக்கு முன்னாடி ஒரு ஸ்டாட்டிக் பிரஷ்ஷும் பெரிய செலவில்லை. அது பத்தலைன்னா அயனைசர் பார்.

ஜாவைச் சுத்தம் பண்ண சூடு இருக்கும்போதே பித்தளை பிரஷ். கத்தி, ஆக்சா பிளேடு, இரும்பு பிரஷ் எதுவும் வேண்டாம். பல் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு பவுச்சிலும் அதே இடத்தில் லீக் வரும்.

---

லேமினேஷன்_மதுரை

ஃபிலிம் பத்தி ரெண்டு வார்த்தை சார். உள் பாலியில் பல தரம் இருக்கு. சாதாரண எல்டி பாலியைவிட மெட்டலோசீன் எல்எல்டி (இன்னொரு வகைப் பாலித்தீன்) கலந்த பாலி குறைஞ்ச சூட்டிலேயே ஒட்டும், சூடா இருக்கும்போதே கனம் தாங்கும், கொஞ்சம் தூள் இருந்தாலும் அதைச் சுத்திப் பிடிச்சு அடைக்கும். மசாலாவுக்கு ஆர்டர் கொடுக்கும்போது "50 மைக்ரான் பாலி"ன்னு மட்டும் சொல்லாமல், தூள் சாமானுக்குன்னு சொல்லி இந்தத் தரத்தைக் கேளுங்க. விலை கூடும், ஆனால் திரும்பி வர்ற பெட்டியோட நஷ்டத்தை ஒப்பிட்டால் குறைவு.

சீலைப் பிரிக்கும்போது பாலி பிரியாமல் பெட்டும் பாலியும் தனித்தனியா உரிஞ்சு வந்தால் குற்றம் சீலில் இல்லை, லேமினேஷன் பசையில். பசை முழுசா இறுகுறதுக்குள்ள ரோல் அனுப்பினால் அப்படி ஆகும். அந்த ரோலை ஓட்டாமல் சப்ளையருக்குத் தகவல் கொடுங்க.

உங்க ஃபிலிமில் வெளிப்பக்கம் பெட்டுங்கிறதால உள்பக்கமும் உள்பக்கமும் சேர்ற சென்டர் சீல் மட்டும்தான் பிடிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு படுக்குற லேப் சீலுக்கு மாத்தினால் நடுவில் மூணு லேயராக் குறையும்னு யாராவது யோசனை சொல்லலாம். பெட்டும் பாலியும் ஒட்டாது, அந்த வழி இந்த ஃபிலிமுக்கு இல்லை.

ரோல் கடைசியில் நகர்றதுக்கு, பெல்ட்டை ஐசோ புரொப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, மினுமினுன்னு ஆயிருந்தால் மாத்துங்க. ரோல் பாதியானதும் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துறது ஆபரேட்டர் வேலையில் சேரட்டும். பாலியில் வழுக்குப் பொருள் அதிகமா இருந்தாலும் வழுக்கும். தகரக் கூரை குடோனில் வெயிலில் வெச்ச ரோலில் அது மேல் முகத்துக்கு வந்து படியும். ரோல் மேலே ஒண்ணும் அடுக்காமல், நிழலில் வையுங்க.

---

ஆகர்_சிவகங்கை

எடையைப் பத்தி யாரும் பேசலையே. லீக் சரியானாலும் இது நிக்கும், இன்னும் சொல்லப்போனால் இதுதான் சட்டப்படி பெரிய விஷயம். 2011 பொட்டலப் பொருள் விதிப்படி 50-க்கு மேல் 100 கிராம் வரைக்குமான பொட்டலத்தில் அனுமதிக்கிற அதிகபட்சப் பிழை 4.5 கிராம். அதாவது பவுச் 95.5-க்குக் கீழே போகக் கூடாது, சராசரியும் 100-க்குக் குறையக் கூடாது. உங்க 96 எல்லையை உரசிக்கிட்டு நிக்குது. மறுபக்கம் 105-னா ஒவ்வொரு ஆயிரம் பவுச்சிலும் கிலோக் கணக்கில் மசாலா சும்மா போகுது.

ஆகர் எடை போடுற சாதனம் இல்லை, அளக்குற சாதனம். படியில் மாவைத் தட்டி அளந்தால் ஒரு எடை, தட்டாமல் அளந்தால் ஒரு எடை வர்ற மாதிரிதான் இதுவும். தூளோட அடர்த்தி மாறினால் அதே சுத்துக்கு எடை மாறும். அடர்த்தியை மாத்துறது மூணு விஷயம்.

ஹாப்பரில் (ஆகருக்கு மேல தூள் கொட்டி வைக்கிற தொட்டி) தூள் மட்டம்தான் முக்கியக் காரணமா இருக்கும். ஆள் மூட்டையைத் தூக்கிக் கொட்டினால் உடனே எடை ஏறும், ஹாப்பர் காலியாகும்போது இறங்கும். லெவல் சென்சார் வெச்சு ஸ்க்ரூ ஃபீடரில் ஏத்துறது நல்லது. இல்லைன்னா ஹாப்பர் உள்ளே முக்கால் பாகத்தில் ஒரு கோடு போட்டு, அதுக்கு நாலு விரல் கீழே போகாமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாப் போடச் சொல்லுங்க. இதுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, பாதி ஆட்டம் இதிலேயே அடங்கும்.

அடுத்தது அரவைச் சூடு. மில்லில் இருந்து வந்த தூளைச் சூட்டோட பேக் பண்ணக் கூடாது. காத்து கலந்து உப்பலா இருக்கும், ஆறினதும் படியும். சூடாப் போட்டால் பவுச் உள்ளே ஈரம் வேர்த்துக் கட்டி தட்டும். அகலத் தட்டில் ஆற விட்டு, சலிச்சு, பிறகு ஹாப்பருக்கு. மல்லி உமி நார் சலிப்பிலேயே போயிட்டால் சீலுக்கும் அது உபகாரம்.

மூணாவது ஸ்க்ரூ. ஒரு சுத்துக்கு எவ்வளவு விழுதுன்னு பாருங்க. 40 கிராம் விழுற பெரிய ஸ்க்ரூவா இருந்தால் கால் சுத்துப் பிழையே 10 கிராம். 100 கிராமுக்கு இன்னும் சின்ன ஸ்க்ரூ வேணும். ஆனால் சின்னதுன்னா சுத்து அதிகம், நேரமும் அதிகம், புதுவயல் அண்ணன் சொன்ன 0.6 வினாடியோட இது மோதும். ரெண்டையும் வெச்சுத்தான் ஸ்பீடு முடிவாகணும். 35 வேணும்னு பிடிவாதம் வேண்டாம், மல்லித்தூளுக்கு 28, மிளகாய்த்தூளுக்கு 35-ன்னு பிரிச்சு மெஷின் ரெசிபியில் (செட்டிங் பட்டியல்) சேமிச்சுக்கலாம். ஸ்க்ரூ ஃபனலில் ஒரு பக்கமா உரசுதான்னும் பாருங்க, உரசினால் இரும்புத் துகள் மசாலாவில் கலக்கும். தூளைக் கிளறுற அஜிட்டேட்டர் கத்தி வளைஞ்சிருந்தால் ஹாப்பர் ஓரத்தில் தூள் பாலம் கட்டி நிக்கும். கோழி மசாலாவில் அது சீக்கிரமே நடக்கும்.

சோதிக்கிறதுக்கு, முத்திரை போட்ட தராசில் தொடர்ச்சியா இருபது பவுச் எடுத்து வரிசையா எழுதுங்க. காலி பவுச் எடையைக் கழிங்க. மெதுவா ஏறி இறங்கினால் ஹாப்பர் மட்டம். ஒண்ணு விட்டு ஒண்ணு தாவினால் ஸ்க்ரூ, சொட்டு, இல்லைன்னா செர்வோ கப்ளிங் தளர்வு.

---

கானாடுகாத்தான்_பலகாரம்

இடையில் ஒரு கேள்வி. தேன்குழல், சீப்புச் சீடை பேக்கிங்குக்கும் இதே மாதிரி காலர் மெஷின் வாங்கலாம்னு இருக்கோம், நைட்ரஜனோட. மேல் சீலில் தூள் பிரச்சினை எங்களுக்கு வராதுதானே?

---

புதுவயல்_ஃபிட்டர்

அண்ணே, தூள் வராதுன்னு சொல்ல முடியாது. உடைஞ்ச துணுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும். ஆகர் உங்களுக்கு உதவாது, மல்டிஹெட் வெய்யர் (பல தலையில் எடை போட்டுக் கொட்டுற மெஷின்) வேணும். தேன்குழல் மேலேயிருந்து நேரா விழுந்தால் பாதி பொடியாகிடும். ட்யூபுக்கு மேல சரிவான சூட் (சறுக்குத் தடம்) வெச்சு, விழுற உயரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைக்கச் சொல்லுங்க. சூட் உள்ளே துணுக்கு சலிக்கிற துளைத்தட்டு இருந்தால், ஜா கிட்ட வர்றதுக்குள்ள நொய் கீழே பிரிஞ்சிடும்.

நைட்ரஜன் போடுறீங்கன்னா சீல் இன்னும் கறாரா இருக்கணும். மசாலாவில் ஊசி முனை லீக் இருந்தால் தூள் கொட்டும், கண்ணுக்குத் தெரியும். உங்களுக்கு அதே ஓட்டையில் நைட்ரஜன் போயிடும், பவுச் வெளியே பார்க்க நல்லாவே இருக்கும், எண்ணெய் சிக்கடிச்ச பிறகுதான் தெரியும். பவுச்சுக்குள்ள மீதி ஆக்ஸிஜன் ரெண்டு சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பார்க்க ஊசி குத்தி அளக்குற மீட்டரை மெஷினோட சேர்த்தே வாங்குங்க. நடுவில் நாலு லேயர் வர்ற இடத்தைத் தண்ணி வாக்குவம் டெஸ்டில் ஒவ்வொரு ரோல் மாத்தும்போதும் பாருங்க. பவுச்சைத் தண்ணிக்குள்ள அமுக்கி, மூடி, வாக்குவம் இழுத்தால் லீக் இருக்கிற இடத்திலிருந்து குமிழி வரிசையாக் கிளம்பும்.

காரைக்குடித் தம்பி, பிளேடைச் சொல்ல மறந்துட்டேன். ஷிம் வைக்க ஜாவைக் கழட்டும்போது அதையும் வெளியே எடுங்க. பல் மழுங்கினால் ஃபிலிமை வெட்டாமல் இழுக்கும், ஆறாத சீல் அந்த இழுப்பிலேயே உள்பக்கம் விரியும். திரும்ப மாட்டும்போது பிளேடு முழுசா உள்ளே போன நிலையில் ஜா முகத்தைவிட வெளியே நீட்டாமல் இருக்கான்னு விரலால் தடவாதீங்க, ஸ்கேல் வெச்சுப் பாருங்க.